மர லூரில் கண் உதிராமல் நிற்க

விரால் பிடிக்க நான் செதுக்கும் மர லூர்களில் (தூண்டிலில் கட்டும் பொய் மீன்) முதலில் போவது கண்தான். கல்லில் ஒரு தடவை மோதினால் போதும், பிளாஸ்டிக் கண் தெறித்துவிடும். சூப்பர் குளூ நொடியில் பிடிக்கும், ஆனால் காய்ந்ததும் விறைத்துப்போவதால் அடி தாங்காது, போதாததற்கு அதன் ஆவி வெள்ளையாகப் படிந்து லூருக்குக் கண்புரை வந்த மாதிரி ஆகிவிடும். செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசை பெயின்ட்டையே கரைத்து இளக்கிவிடலாம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எனக்குச் சரிப்பட்டது இரண்டு ட்யூப் எபாக்சி, அதாவது இரண்டையும் கலந்து வைக்கும் பசை. ஐந்து நிமிட ரகம் வேண்டாம், மெதுவாக இறுகுவதே நல்லது, கண்ணை நிதானமாக நேராக்கலாம்.

தலை வளைவாக இருப்பதால் தட்டைக் கண் அப்படியே உட்காராது. 6 மி.மீ. கண்ணுக்கு அதே அளவு டிரில் பிட்டால் மேலோட்டமாக ஒரு குழி போட்டு, அடியில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு, பல்குச்சி நுனியில் மிளகளவு எபாக்சியை நடுவில் வைத்து அழுத்தினால் ஓரத்தில் மெல்லிய வளையமாகப் பிதுங்கி வரும். அப்படி வந்தால்தான் குழி நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். இடைவெளி இருந்தால் தண்ணீர் இறங்கி மரம் உப்பிவிடும், அப்புறம் எந்தப் பசையும் நிற்காது. பிதுங்கியதை இறுகுவதற்குள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டு, மறுநாள் கண்ணையும் சேர்த்து மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்துவிடுகிறேன்.