டென்னிஸ் எல்போ: பெரிய அறுவையில்லாமல் தீர்ந்த வலி

எதைப் பிடித்துத் தூக்கினாலும் என் முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்று வலிக்கும். இதைத்தான் டென்னிஸ் எல்போ என்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தந்தது, பிறகு பழையபடிதான்.

அல்ட்ராசவுண்ட் திரையில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எலும்போடு சேரும் இடம் கருமையாகத் தெரிந்தது. நாள்பட்ட நிலையில் இது வெறும் அழற்சி இல்லை, நார்களே சிதைந்திருக்கின்றன என்றார் மருத்துவர். மரத்துப்போக ஊசி போட்டு, திரையைப் பார்த்தபடியே மெல்லிய கருவியை அந்த இடத்துக்குச் செலுத்தினார். அதன் முனை அதிவேகமாக அதிர்ந்து சிதைந்த திசுவை உடைக்க, உப்புநீரோடு அது வெளியே உறிஞ்சப்பட்டது. சில மில்லிமீட்டர் கீறல், தையலே இல்லை. அன்றே வீடு திரும்பினேன்.

ஆனால் தசைநாண் ஆற மாதக்கணக்காகும். இதை யாருக்கும் முதலிலேயே அழுத்திச் சொல்வேன். ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொன்னார்கள். எடையை மெதுவாக இறக்கும் பயிற்சியை விடாமல் செய்தேன். கையில் பிடிமானம் திரும்பிவிட்டது.