பாலம் தெரிந்ததும் கட்டிவிடாதீர்கள்: நாரோபோட்டைக் கரையில் கட்டும் முறை

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் போகும் நாரோபோட்டை, அதாவது அகலம் குறைந்த நீளமான படகை, வாடகைக்கு எடுத்தால், முதல் நாள் சாயங்காலமே இந்தக் கேள்வி வந்துவிடும்: இருட்டப் போகிறது, எங்கே கட்டுவது? எதிரே கல் பாலம் தெரியும், மேலே ஊருக்குப் போகும் சாலை. கட்ட நல்ல இடம்தான். ஆனால் பாலத்தை ஒட்டி மட்டும் வேண்டாம்.

படி 1: இடம் பாருங்கள்

பாலத்தடியில் கால்வாய் பெரும்பாலும் ஒரே ஒரு படகு நுழையும் அளவுக்குக் குறுகிவிடும். அந்தப் பக்கமிருந்து வருபவருக்கு இந்தப் பக்கம் நிற்கும் படகு தெரியாது. நாரோபோட்டுக்கு பிரேக்கும் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதனால் இரண்டு மூன்று படகு நீளமாவது தள்ளிக் கட்டுங்கள். டோபாத் பக்கமே கட்டுங்கள். ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரை அது.

பாலத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வயல்வெளியில் அதுதான் உங்கள் விலாசம். ராத்திரி ஆம்புலன்ஸைக் கூப்பிட நேர்ந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

படி 2: மெதுவாகக் கரை சேருங்கள்

முன்பக்கத்தை லேசாகச் சாய்த்துக் கரைக்குக் கொண்டுபோய், ரிவர்ஸ் போட்டு நிறுத்துங்கள். கரையோரம் ஆழம் குறைவு என்பதால் இன்ஜின் இருக்கும் பின்பக்கம் கடைசியாக வரட்டும். கூரை நடுவிலிருந்து வரும் நடுக்கயிற்றைப் பிடித்தபடி இறங்குங்கள், குதிக்க வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது.

படி 3: முளை அடியுங்கள்

மாடு கட்ட முளை அடித்தவர்களுக்கு இது பழகிய வேலை. ஒரு முளை படகின் முனைக்கு முன்னால், இன்னொன்று பின்முனைக்குப் பின்னால். தலை படகுக்கு எதிர்ப்புறம் சாயும்படி சம்மட்டியால் அடியுங்கள். கயிற்றை முளையில் சுற்றி, மறுபடி படகுக்கே கொண்டுவந்து முடியுங்கள். நடப்பவர்கள் தடுக்கி விழாதபடி முளையில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டுங்கள்.

கயிறு தொய்யக் கூடாது. கடந்து போகும் படகு தண்ணீரை இழுக்கும், கட்டியிருக்கும் படகும் கூடவே நகரும். மழை பெய்த ஒரு நாள் நான் தொய்வாகக் கட்டிவிட்டேன். இரண்டு படகுகள் போனதும், முன் முளை ஆடும் பல்லைப் போல ஈர மண்ணிலிருந்து மேலே வந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து படுக்கும் முன் ஒரு முறை இரண்டு முளைகளையும் ஆட்டிப் பார்க்கிறேன்.

நடுக்கயிற்றை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். அது கூரையிலிருந்து வருவதால் இழுபடும்போது படகைச் சாய்த்துவிடும்.

ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயில் போகிறீர்களா? அங்கே பல இடங்களில் தண்ணீருக்கடியில் கல் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், ராத்திரி முழுக்கப் படகு அதில் இடிக்கும். தள்ளுவண்டி டயர் ஒன்றிரண்டை இடையில் தொங்கவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.