பற்றாக்குறை ஆண்டுக்குக் கணக்கு எங்கே? பாசனக் கொள்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும், அது எத்தனை ஏக்கருக்குப் போதும், எந்தக் குறுவட்டத்தில் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) இனி ஆழ்துளைப் போர் போடக் கூடாது என்பதையெல்லாம் சொல்ல இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஓர் ஆற்றுப்படுகையையே கணினியில் ஓட்டிப் பார்க்க வீப், ஸ்வாட் போன்ற மாதிரிகள் இருக்கின்றன. பயிருக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிட ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கிராப்வாட்டும் அக்வாகிராப்பும் உண்டு. வயலிலிருந்து ஆவியாகிப் போகும் நீரைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து மதிப்பிட அதே அமைப்பின் வாபோர் தளம் இருக்கிறது. இவற்றில் பலவும் இலவசம்.

அப்படியும் மழை குறைந்த ஆண்டு வந்துவிட்டால் பழைய சண்டைதான். காரணம், கருவிகளிடம் நாம் பெரும்பாலும் நல்ல ஆண்டுக்கான கேள்வியையே கேட்கிறோம். தண்ணீர் குறைந்தால் யார், எவ்வளவு, எப்போது விட்டுக்கொடுப்பது என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். வந்த பதிலை யாரோ ஒருவர் விவசாயியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். கீழே உள்ள தவறுகளில் பாதி இந்தத் தயக்கத்திலிருந்து பிறப்பவை.

சராசரியை நம்பி மதகைத் தூக்குவது

மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). குறுவை நெல்லுக்குத் திறக்கும் நாள் ஜூன் 12 என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2016-இல் செப்டம்பர் 20 ஆனது, 2017-இல் அக்டோபர் 2 ஆனது. திட்டமிடும்போது மட்டும் இன்னமும் ஜூன் 12-தான் இயல்பு, மற்றதெல்லாம் விதிவிலக்கு.

2023-இல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஜூன் 12 அன்று அணையில் 103 அடி தண்ணீர் இருந்தது, திறந்தார்கள். நான்கு நாள் முன்பு, ஜூன் 8-இல், பருவமழையைக் குறைக்கக்கூடிய எல் நினோ தொடங்கிவிட்டதாக அமெரிக்க வானிலை அமைப்பு அறிவித்திருந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அந்த ஏப்ரலில் நாட்டுக்கு நீண்டகாலச் சராசரியில் 96 விழுக்காடு மழை என்று கணித்தது. பருவம் முடிந்தபோது பெய்திருந்தது 94. கணிப்பு பொய்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் நாடு முழுக்கப் பெய்ததன் சராசரியை வைத்துக்கொண்டு காவிரி என்ன செய்யும்? குடகிலும் வயநாட்டிலும் அல்லவா பெய்ய வேண்டும்! அந்த ஆண்டு கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை 34 விழுக்காடு குறைவு. நாடு முழுவதற்கும் 1901-இலிருந்து இருக்கும் பதிவுகளில் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் வேறில்லை. அக்டோபர் 10-இல் அணையை மூடிவிட்டார்கள். கடைமடையில் குறுவை கருகியது.

திறந்தது தவறு என்று சொல்ல வரவில்லை. 103 அடி தண்ணீரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு திறக்க மாட்டேன் என்று எந்த அரசும் சொல்லாது, சொன்னால் விவசாயிகள் விடவும் மாட்டார்கள். குறை என்னவென்றால், திறக்கிற அன்றே கூட ஒரு நிபந்தனையும் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்: ஜூலை 15-இல் அணை இன்ன அடிக்குக் கீழே போனால் இன்னின்ன வாய்க்கால்களில் மேற்கொண்டு நடவு வேண்டாம், நிறுத்துகிறவர்களுக்கு ஏக்கருக்கு இவ்வளவு தரப்படும் என்று. கணினி மாதிரியின் உண்மையான வேலை இப்படி ஒரு விதியை முப்பது, நாற்பது ஆண்டு நீர்வரத்துப் பதிவுகளில் ஓட்டிப் பார்த்து, எந்த ஆண்டில் அது காப்பாற்றியிருக்கும், எந்த ஆண்டில் வீணாகப் பயமுறுத்தியிருக்கும் என்று சொல்வதுதான்.

ஒரு டிஎம்சி என்பது சுமார் 2.83 கோடி கன மீட்டர். நெல்லுக்கு ஒரு பருவத்தில் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்கு 4,850 கன மீட்டர் வரும். மழையைச் சேர்க்காமல், வழியில் கசிவையும் கழிக்காமல் பார்த்தால் ஒரு டிஎம்சி ஏறத்தாழ 5,800 ஏக்கரைக் கரைசேர்க்கும். அணையில் குறையும் ஒவ்வொரு டிஎம்சிக்கும் அது எந்த 5,800 ஏக்கர் என்று பெயர் சொல்லக் கேளுங்கள். சொல்லத் தெரியாத கருவியால் கொள்கைக்கு அதிகப் பயன் இல்லை.

மாநிலங்களுக்கு நடுவிலும் இதே ஓட்டைதான். 2018-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் காவிரி நீரை எல்லையில் அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி வர வேண்டும். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று இரண்டு தசமம் வரை மாதவாரிப் பட்டியல் உண்டு. ஆனால் பற்றாக்குறை ஆண்டில் குறைவை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்ட சூத்திரம் இல்லை. விகிதப்படி குறைத்துக்கொள்ளுங்கள் என்று காவிரி நடுவர் மன்றம் சொல்லியிருக்கிறது, சரி. எதனுடைய விகிதம், எந்த மாதத்தில் கணக்கெடுப்பது? ஒவ்வொரு மழையில்லா ஆண்டும் இந்த வாதம் முதலிலிருந்து தொடங்குகிறது.

உத்தேசத்தை அளந்த கணக்கு என்று எடுத்துக்கொள்வது

நிலத்தடி நீர் விஷயத்தில் இது அன்றாடம் நடக்கிறது. 2017 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை. பாதுகாப்பானவை 427. இந்த வகைப்பாட்டுக்கு அடிப்படை ஒரு விகிதம்: ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் எவ்வளவு எடுக்கிறோம் என்பது. 70 விழுக்காடு வரை பாதுகாப்பு, 100-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறியது.

எவ்வளவு எடுக்கிறோம் என்பது எப்படித் தெரியும்? அதை யாரும் அளப்பதில்லை. கிணறுகளின் எண்ணிக்கையை, ஒரு கிணறு ஒரு பருவத்தில் இறைக்கும் உத்தேச அளவால் பெருக்குவதுதான் பொதுவான வழி. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன, மீட்டர் வைப்பது என்ற பேச்சே அரசியலில் நெருப்பு. நீர்மட்டம் இறங்க இறங்க, ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இருந்த இடத்தில் ஏழரையும் பத்தும் இறங்குகின்றன. பதிவேட்டில் அது பழைய ஐந்தாகவே இருக்கும். ஊரில் கிணறு எண்ணச் சென்றால் வற்றிய போரும் ஓடும் போரும் ஒன்றாகவே எண்ணப்படலாம்.

இன்னொன்று, மாநிலத்தின் ஏறக்குறைய 73 விழுக்காடு கடினப்பாறை நிலம். பாறை வெடிப்பில் தண்ணீர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரே குறுவட்டத்தில் கண்மாய்க்குக் கீழே நாற்பது அடியில் தண்ணீர் நிற்கும், இரண்டு கிலோமீட்டர் மேட்டில் எண்ணூறு அடி போட்டும் புழுதி பறக்கும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம். அந்த நிறத்தை வைத்து அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் நடந்தால் மேட்டுக்காரர் நம்ப மாட்டார், பள்ளத்துக்காரர் மதிக்க மாட்டார்.

உத்தேசக் கணக்கே வேண்டாம் என்பதல்ல. அதுவும் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல் ‘85-க்கும் 120-க்கும் இடையில்’ என்று வீச்சாகக் கொடுத்தால் போதும். கோப்பில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அது பிடிக்காது, அவருக்கு ஒரே எண் வேண்டும். அந்த இடத்தில் பொறியாளர் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

தரவைப் பகிர்வதால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைப்பது

‘எல்லாத் தரவையும் பொதுவில் வைத்துவிட்டால் பிரச்சினை தீரும்’ என்று கருத்தரங்குகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். காவிரித் தீர்ப்பைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி ஒதுக்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. குறைந்த 14.75-இல் 10 டிஎம்சிக்குக் காரணம் டெல்டாவின் நிலத்தடி நீர். அங்கே 20 டிஎம்சி இருக்கிறது என்ற மதிப்பீட்டில் பாதியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இதைப் பார்த்த எந்த மாநிலமும் தன் நிலத்தடியில் நீர் வளமாக இருப்பதாக இனி வாய் திறக்குமா? அடுத்த வழக்கில் அது தனக்கு எதிராகத் திரும்பும் என்ற பயம் நியாயமானதுதான். விவசாயியும் அப்படியே. அடங்கலில் (ஊர்ப் பயிர்ப் பதிவேட்டில்) கரும்பு என்று எழுதினால் தண்ணீர் வரி கூடுமோ, இழப்பீடு கைவிட்டுப் போகுமோ என்று யோசித்துத்தான் கிராம நிர்வாக அலுவலரிடம் பேசுவார். ஆகவே தரவு கேட்பதற்கு முன்பே, இது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வருவது தரவு அல்ல, தற்காப்பு வாக்குமூலம்.

வயலில் மிச்சமானது ஆற்றிலும் மிச்சம் என்று கருதுவது

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியம், மற்றவர்களுக்கு 75. நல்ல திட்டம்தான். களை குறையும், ஆள்கூலி குறையும், விளைச்சல் கூடும். ஆனால் நிலத்தடி நீர் மீளுமா என்பது வேறு கேள்வி. ஒரு ஏக்கருக்கு இறைத்த தண்ணீரில் இரண்டு ஏக்கர் பாயும் என்றால், கிணற்றுக்காரர் இரண்டு ஏக்கரில் பயிர் வைப்பார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் அதிகச் சிக்கனமான தெளிப்பு முறைக்கு விவசாயிகள் மாறிய பிறகு இறைப்பு குறையவில்லை, கூடியது என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மானியத்தோடு பாசனப் பரப்புக்கு வரம்பு வைத்தால்தான் மாதிரியில் தெரியும் சேமிப்பு மண்ணுக்குள் தெரியும்.

வாய்க்காலுக்கு சிமென்ட் பூசும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். வாய்க்காலில் கசிவது முழுவதும் வீணல்ல. பக்கத்து வடிமுனைக் குழாய்க் கிணற்றுக்கு அந்தக் கசிவுதான் ஊற்று.

ஒரே இலக்கை வைத்து விதி போடுவது

பஞ்சாப் 2009-இல் ஒரு சட்டம் போட்டது: ஜூன் 10-க்கு முன் நெல் நடக் கூடாது. கொதிக்கும் மே மாதத்தில் வயலில் தண்ணீர் நிறுத்தினால் நிறைய ஆவியாகிவிடும், அதனால் நடவைத் தள்ளிப்போடு என்ற கணக்கு. தண்ணீரை மட்டும் பார்த்தால் கணக்கு சரி. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமை விதைக்க இருபது நாள்கூட மிஞ்சாத விவசாயி நெல் அறுத்த தாளைக் கொளுத்தினார். அது காற்று அசையாத அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வந்து விழுந்தது. டெல்லி புகைமூட்டத்துக்குப் பல காரணங்கள் உண்டு, இதுவும் ஒன்று. நீர்வளத்துறை ஓட்டும் மாதிரியில் வேளாண் துறையும் மாசுத் தடுப்புக்காரர்களும் உட்கார்ந்திருந்தால் யாராவது ‘அறுவடை எப்போது?’ என்று கேட்டிருப்பார்கள். அதைக் கேட்கக் கணினி வேண்டியதில்லை.

குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு அறிவுப் பகிர்வு என்று பெயர் வைப்பது

நம் ஊரில் அணை நீர்மட்டம் தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் தெரியும். பயனுள்ளதுதான். ஆனால் தகவல் மேலிருந்து கீழே மட்டும் ஓடுகிறது. எந்த மதகில் கதவு துருப்பிடித்து அரைகுறையாக நிற்கிறது, எந்தக் கிளை வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, முறை வைத்தால் கடைமடைக்கு எத்தனையாவது நாள் தண்ணீர் எட்டும் என்பதெல்லாம் மதகை இயக்கும் லஸ்கருக்கும், வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஊர் நீர்க்கட்டிக்கும் தெரியும். அவர்களிடமிருந்து மேலே போக வழி இல்லை. அதனால் மாதிரியில் கால்வாய் எப்போதும் முழுக் கொள்ளளவில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆந்திரத்தில் 2003 முதல் 2009 வரை ஏழு வறட்சி மாவட்டங்களில் உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு நடந்த திட்டம் இதைத் தலைகீழாகச் செய்தது. மழைமானியை விவசாயியே படித்தார், கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அவரே அளந்தார், ஊர்ப் பொதுப் பலகையில் எண்களை எழுதினார். ராபி (குளிர்காலப் பருவ) விதைப்புக்கு முன்னால் கூடி உட்கார்ந்து, பூமியில் இருப்பது இவ்வளவு, நீங்கள் போட நினைக்கும் பயிருக்கு வேண்டியது இவ்வளவு, துண்டு விழுவது இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பலர் நெல்லைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் திட்டம் முடிந்து பணம் நின்ற பிறகு பல ஊர்களில் அளவெடுப்பும் தேய்ந்துபோனது.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரில் அது தேயவில்லை. மழை குறைவான அந்த ஊரில் பாசனத்துக்குப் போர் போடக் கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. ஒவ்வோர் ஆண்டும் கிராம சபையில் தண்ணீர் வரவு செலவு வாசிக்கப்படும். குடிநீருக்கும் மாட்டுக்கும் ஒதுக்கியது போக மீதியை வைத்துத்தான் அந்த ஆண்டுப் பயிர்ப் பரப்பு. அங்கே வாசிக்கிற எண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டாயம் இருக்கிறது, அதனால் அளக்கவும் ஆள் இருக்கிறது.

ஆகவே புதிதாக ஒரு கருவிக்கு நிதி கேட்டு வரும் கோப்பில் மென்பொருள் விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: நான்காம் ஆண்டில் மழைமானியைப் படிக்கிறவருக்கு எந்தத் தலைப்பிலிருந்து சம்பளம் வரும், அவர் எழுதும் எண் குறைந்தால் எந்த மதகு எப்போது இறங்கும். இரண்டு இடமும் காலியாக இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பலாம்.