மேலதிகாரியிடம் சொன்னதோடு கடமை முடிந்துவிடாது: பென் ஸ்டேட்டில் நடந்த தவறுகள்

பயிற்சி மையத்திலோ கல்லூரியிலோ ஒரு குழந்தைக்குத் தப்பாக ஏதோ நடக்கிறது என்று தெரியவந்தால், பெரும்பாலானவர்கள் முதலில் மேலதிகாரியிடம்தான் சொல்வார்கள். சொன்னதும் மனசில் இருந்த பாரம் இறங்கிவிடும். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2001-இல் இதுதான் நடந்தது. பார்த்தவர் தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னார், அவர் விளையாட்டுத் துறை இயக்குநரிடம் சொன்னார், விஷயம் பல்கலைக்கழகத் தலைவர் வரை போனது. போலீசிடமோ குழந்தைகள் நலத்துறையிடமோ யாரும் சொல்லவில்லை. குற்றவாளி கைதாக இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின.

குற்றவாளியின் பெயர் ஜெர்ரி சாண்டஸ்கி. பென் ஸ்டேட்டின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் முப்பது ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக 1977-இல் 'தி செகண்ட் மைல்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் வழியாக வந்த சிறுவர்களைத்தான் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார். 2011 நவம்பரில் கைதானார். 2012 ஜூனில் 48 குற்றச்சாட்டுகளில் 45 நிரூபணமாகி, அக்டோபரில் 30 முதல் 60 ஆண்டுகள் சிறைத்தண்டனை பெற்றார். அவர் செய்ததைவிட, அவரைத் தடுத்திருக்கக்கூடியவர்கள் எங்கெங்கே தவறினார்கள் என்பதுதான் நாம் உட்கார்ந்து படிக்க வேண்டியது. ஏனென்றால் அந்த இடத்தில் நாளைக்கு நாமும் நிற்கலாம்.

வழக்கு இல்லை என்றால் குற்றமும் இல்லை என்று எடுத்துக்கொள்வது

1998-இலேயே ஒரு தாய் புகார் கொடுத்தார். பதினோரு வயது மகனுடன் சாண்டஸ்கி கல்லூரிக் குளியலறையில் சேர்ந்து குளித்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவர் தயங்கவில்லை. பல்கலைக்கழகப் போலீஸ் விசாரித்தது. மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்குப் போட வேண்டாம் என்று முடிவெடுத்தார். நிதி, நிர்வாகத்துக்குப் பொறுப்பான மூத்த துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸ் அப்போது கைப்பட எழுதிய குறிப்பில் வேறு குழந்தைகளும் இருக்கிறார்களா என்ற கேள்வி இருக்கிறது. சரியான கேள்விதான். அதற்குப் பதில் தேடத்தான் ஆளில்லை. மறு ஆண்டு சாண்டஸ்கி கௌரவமாக ஓய்வு பெற்றார், விளையாட்டு வளாகத்துக்குள் வந்துபோகும் உரிமையும் அவரிடமே இருந்தது.

நீதிமன்றத்தில் நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பது வேறு, குழந்தைகளோடு இவரைத் தனியாக விடலாம் என்பது வேறு. வழக்கு நிற்காவிட்டாலும் குளியலறைக்குள் வெளியாள் சிறுவர்களைக் கூட்டிவரக் கூடாது என்று சொல்ல ஒரு நிர்வாகத்துக்கு யாருடைய தீர்ப்பும் தேவையில்லை. அன்றைக்கே அந்த உரிமையை எடுத்திருந்தால் 2001 பிப்ரவரியில் நடந்தது அந்த இடத்தில் நடந்திருக்காது.

கைமாறக் கைமாற விஷயம் நீர்த்துப்போவது

2001 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை இரவு. அணியின் இளம் உதவியாளர் மைக் மெக்குவெரி உடை மாற்றும் அறைக்குப் போனபோது, குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்தார். போலீசை அழைக்கவில்லை, அப்பாவுக்குப் போன் செய்தார். மறுநாள் காலை தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அமெரிக்காவே கொண்டாடிய பயிற்சியாளர் பட்டர்னோ. அதே ஆண்டு பிற்பாடு அவருக்கு வளாகத்தில் சிலையே வைத்தார்கள். அவர் இயக்குநர் டிம் கர்லியிடம் விஷயத்தைக் கொண்டுபோனார், ஆனால் உடனே அல்ல. மற்றவர்களின் வார இறுதியைக் கெடுக்க விரும்பவில்லை என்று பின்னாளில் சாட்சியம் சொன்னார். இந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் சிறுவனின் வார இறுதி எப்படிப் போனது என்று ஒருவருக்குமே தோன்றவில்லையே.

கர்லியும் ஷுல்ட்ஸும் மெக்குவெரியைக் கூப்பிட்டுக் கேட்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தான் பார்த்தது பாலியல் செயல் என்று தெளிவாகச் சொன்னதாக மெக்குவெரி கூறுகிறார். தங்கள் காதில் விழுந்தது ஏதோ விளையாட்டுத்தனம் என்பதாகத்தான் இருந்தது என்று மேலிடத்தினர் பிற்பாடு வாதாடினார்கள். பார்த்தவரின் வாக்குமூலம் அன்றைக்கே எழுத்தில் பதிவாகியிருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. இன்னொன்றும் உண்டு. பல்கலைக்கழகப் போலீஸ் ஷுல்ட்ஸின் நிர்வாகத்தின் கீழ் இருந்ததால், அவரிடம் சொன்னாலே போலீசிடம் சொன்ன மாதிரி என்று மெக்குவெரி நினைத்துக்கொண்டார். நிர்வாகி போலீஸ் ஆகமாட்டார். நிறுவனத்தின் உள்விசாரணைக் குழுவும் போலீஸ் ஆகாது. புகார் எங்கே, என்ன எண்ணில் பதிவானது என்று கேட்டு வாங்கும்வரை புகார் கொடுத்ததாகவே நினைக்கக் கூடாது.

அப்புறம் அந்தச் சங்கிலியில் சேராத ஒருவரையும் சொல்ல வேண்டும். 2000-இல் ஒரு துப்புரவுப் பணியாளர் இதே போன்ற கொடுமையைப் பார்த்து உடைந்துபோய் சக ஊழியர்களிடம் சொன்னார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அவர்கள் யாரும் புகார் கொடுக்கவில்லை. ஃபுட்பால் அணிதான் அங்கே எல்லாம் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வளாகத்தைக் கூட்டுகிறவர் பயமில்லாமல் பேச முடியாத ஒரு நிலையை உருவாக்கி வைத்தவர்கள் பதில் சொல்லட்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர் மேல் கருணை காட்டுவது

என் பார்வையில் இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான். அந்த பிப்ரவரி கடைசி வாரத்தில் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர், கர்லி, ஷுல்ட்ஸ் மூவரும் மாநிலக் குழந்தைகள் நலத்துறைக்குத் தெரிவிப்பது என்று திட்டம் போட்டிருந்தார்கள். பட்டர்னோவோடு பேசிய பிறகு கர்லி மனம் மாறினார். முதலில் சாண்டஸ்கியிடமே பேசுவோம், உதவி தேவை என்று எடுத்துச் சொல்வோம் என்று மின்னஞ்சல் எழுதினார். ஸ்பேனியர் ஒத்துக்கொண்டார். சாண்டஸ்கி கேட்காமல் போனால், புகார் செய்யாததற்காக நமக்குச் சிக்கல் வரும், அது ஒன்றுதான் இதில் பாதகம் என்று பதில் எழுதினார். மனிதாபிமானமான அணுகுமுறை என்றும் அதைப் பாராட்டினார்.

அந்த மின்னஞ்சல்களில் மனிதாபிமானம் முழுக்க பெரியவருக்குத்தான். சிறுவன் யார், எங்கே இருக்கிறான், அவனுக்கு மருத்துவ உதவி வேண்டுமா என்று அவர்கள் தேடவே இல்லை. சிறுவர்களை வளாகத்துக்குக் கூட்டிவர வேண்டாம் என்று சாண்டஸ்கியிடம் சொன்னார்கள், அவருடைய அறக்கட்டளைக்கும் தகவல் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வளாகத்துக்கு வெளியே என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அதற்குப் பிறகும் வேறு சிறுவர்கள் அவரிடம் சிக்கினார்கள் என்பது நீதிமன்றத்தில் நிரூபணமானது. பெரியவரைக் கூப்பிட்டு முன்கூட்டியே எச்சரிப்பது அவருக்கு உஷாராக நேரம் கொடுப்பதுதான். பிள்ளையை மிரட்டவும் அந்த நேரம் உதவும்.

வெளியே தெரிந்த பிறகும் தவறுவது

2011 நவம்பர் 9 அன்று பட்டர்னோவும் ஸ்பேனியரும் பதவி இழந்தார்கள். அன்று இரவு மாணவர்கள் பட்டர்னோவுக்காகத் தெருவில் இறங்கி, ஒரு தொலைக்காட்சி வேனைக் கவிழ்த்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். 2012-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய விளையாட்டுச் சங்கம் பல்கலைக்கழகத்துக்கு 6 கோடி டாலர் அபராதம் விதித்தது, 1998 முதலான வெற்றிகளையும் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 2015-இல் அந்த வெற்றிகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. வெற்றிகளை அழிப்பதால் எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு வரப்போவதில்லை. அந்த அபராதம் குழந்தைகள் பாதுகாப்புக்குச் செலவாக வேண்டும் என்ற நிபந்தனைதான் உருப்படியானது. தனிமனிதப் பொறுப்போ மிகத் தாமதமாக வந்தது. 2017-இல் கர்லிக்கு மூன்று மாதம், ஷுல்ட்ஸுக்கும் ஸ்பேனியருக்கும் இரண்டிரண்டு மாதம் சிறை. ஸ்பேனியர் மேல்முறையீடுகள் முடிந்து சிறைக்குப் போனது 2021-இல். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தண்டனை, அதுவும் மாதக்கணக்கில்!

சட்டம் இப்போது என்ன சொல்கிறது

2001-இல் பென்சில்வேனியா சட்டப்படி, ஊழியர் தன் நிறுவனப் பொறுப்பாளரிடம் சொன்னால் போதும், மேற்கொண்டு தெரிவிப்பது பொறுப்பாளர் வேலை. இந்த வழக்குக்குப் பிறகு அதை மாற்றினார்கள். 2014 முடிவிலிருந்து, புகார் செய்யும் கடமை உள்ளவர் தானே நேரடியாகத் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகுதான் நிறுவனத்துக்குச் சொல்வது.

இந்தியாவில் 2012-இன் போக்சோ சட்டம் இன்னும் விரிவானது. பிரிவு 19-இன்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதமும் சேர்ந்து. ஆதாரம் திரட்டித் தருவது உங்கள் வேலை இல்லை, அது விசாரிப்பவர்கள் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் நடவடிக்கை கிடையாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போகலாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். கல்லூரி முதல்வரிடமோ பயிற்சியாளரிடமோ சொல்வதென்றால் அதற்கு அப்புறம் சொல்லுங்கள்.