வீட்டுப் பின்புறத்தில் ஒரு கொல்லுப்பட்டறை: மண் உலையிலிருந்து முதல் கொக்கி வரை

கொல்லு வேலை பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்னென்ன வாங்க வேண்டும்?" என்பதுதான். முக்கியமாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: கரி, காற்றூதி, வைத்து அடிக்கப் பட்டறைக்கல் என்கிற கனமான இரும்புக் கட்டை, ஒரு சுத்தியல். உளி, துளைப்பான், கொறடு, கரியைக் கிளறும் உலைக்கோல் எல்லாவற்றையும் இந்த உலையிலேயே நீங்கள் செய்துகொள்ளலாம். செய்யச் செய்யத்தான் கையும் பழகும். அதனால் ஆரம்பத்திலேயே பெரிய பட்டியல் போட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

இடம்

பத்தடிக்குப் பத்தடி போதும். கூரை தகரமாகவோ ஓடாகவோ இருக்கட்டும், உலைக்கு மேலே ஒன்பது பத்து அடியாவது உயரம் வேண்டும். தென்னங்கீற்று, பனையோலைக் கொட்டகை கூடவே கூடாது. ஒரு பொறி போதும், எல்லாம் போய்விடும். இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். மூடிய அறையிலும் கார் நிறுத்தும் இடத்திலும் உலை மூட்டவே வேண்டாம்.

பட்டறை சற்று இருட்டாக இருக்க வேண்டும். இரும்பின் சூட்டை நிறத்தை வைத்துத்தான் அளக்கிறோம். வெயிலில் மங்கிய சிவப்பு கண்ணுக்கே தெரியாது. காய்ந்த கம்பியும் ஆறிய கம்பியும் ஒன்றுபோல இருக்கும். உலை இருக்கும் பக்கம் வெயில் நேராக விழாதபடி ஒரு தகரமாவது மறைப்பாகக் கட்டுங்கள்.

தரை மண்தரையாக இருப்பது நல்லது. சிமெண்ட் தரையில் பழுக்கக் காய்ந்த இரும்பு விழுந்தால் தரை பொரிந்து சில்லுகள் தெறிக்கும். சிமெண்ட் தரைதான் இருக்கிறது என்றால் அதன்மேல் இரண்டு அங்குலம் மணல் பரப்பிக்கொள்ளுங்கள்.

மண் உலை கட்டுவது

நம் ஊர்க் கொல்லர் பலர் தரையோடு ஒட்டிய உலையில் உட்கார்ந்தே வேலை செய்வார்கள். அதற்குப் பழகிய முதுகும் சம்மட்டி போட இன்னொரு ஆளும் வேண்டும். தனியாகப் பழகுகிறவர் நின்று வேலை செய்யும் உயரத்தில் கட்டுவதுதான் சரி. செங்கல்லை அடுக்கி இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு திண்ணை எழுப்புங்கள். மேற்பரப்பு இரண்டடிக்கு இரண்டடி இருக்கட்டும். அதன்மேல் ஓரம் முழுவதும் செங்கல் வைத்து எட்டு ஒன்பது அங்குலம் ஆழமுள்ள தொட்டியாக்குங்கள்.

தொட்டியை நிரப்பப் புற்றுமண் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. களிமண்ணும் ஆகும். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல், கைப்பிடி கைப்பிடியாக உமி சேர்த்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் பிசையுங்கள். தண்ணீர் அதிகமானால் காயும்போது வெடிக்கும். கூழாங்கல் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. ஈரம் உள்ள கல் சூட்டில் படீரென்று தெறிக்கும்.

மண்ணை இடித்து நிரப்பிய பிறகு நடுவில் ஒரு குழி தோண்டுங்கள்: பத்து அங்குல நீளம், எட்டு அங்குல அகலம், ஆறு அங்குல ஆழம். காற்றுக் குழாய் பக்கச் சுவர் வழியாக, குழியின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே வர வேண்டும். உள்விட்டம் முக்கால் முதல் ஓர் அங்குலம் வரை இருக்கலாம். குழாயின் வாய் சுவரோடு சமமாக நிற்கட்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் சீக்கிரம் எரிந்துபோகும், அதனால் வாயைச் சுற்றிலும் மண்ணைப் பூசிவிடுங்கள். ஈரோடு மாவட்டத்தில் உள்ள பழைய ஊரான கொடுமணலின் அகழாய்வில் வாய்ப்பக்கம் உருகிக் கண்ணாடிபோல ஆன சுடுமண் ஊதுகுழாய்கள் கிடைத்திருக்கின்றன. பழைய இரும்பு வேலையிலும் நெருப்பு தின்றது அந்த வாய்ப்பக்கத்தைத்தான்.

குழாய் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. குழாய் வேண்டாம். அதன்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகும், அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் கண்டுவிடும். பூச்சில்லாத கருப்பு எம்.எஸ். (மென் எஃகு) குழாய் கேட்டு வாங்குங்கள். உலையில் வைக்கும் இரும்புக்கும் இதே விதிதான். பூச்சு போட்ட கம்பி, குரோம் மின்னும் பழைய வண்டிச் சாமான் எதையும் காய்ச்சக் கூடாது.

ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். அப்புறம் சுள்ளி வைத்துச் சின்ன நெருப்பு இரண்டு மூன்று தடவை போடுங்கள். விரிசல் விழும், பயப்பட வேண்டாம். அதே மண்ணைக் குழைத்து அடைத்துவிடலாம்.

கரியும் காற்றும்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது சீமைக்கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. இஸ்திரிக் கடைக்காரர்களைக் கேட்டால் எங்கே வாங்குவது என்று சொல்லிவிடுவார்கள். நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டுகளுக்கு இடையில் காற்று புகுந்து இரும்பின் மேற்பரப்பைக் கருக்கிச் செதிலாக்கும், சூடும் பரவலாக நிற்காது. தூளைச் சலித்து ஒதுக்கிவிடுங்கள். நிலக்கரியின் புகையும் நாற்றமும் குடியிருப்புப் பகுதிக்கு ஒத்துவராது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இந்த வேலைக்கே சரிப்படாது.

காற்றுக்குத் தோல் துருத்தி அழகுதான், ஆனால் செய்வதும் பராமரிப்பதும் தனி வேலை. கையால் சுற்றும் சக்கர ஊதி கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கை நின்றதும் காற்றும் நிற்பதால் கரி மிச்சமாகும், இரும்பை எரித்துவிடும் வாய்ப்பும் குறையும். இல்லையென்றால் ஓட்டல் அடுப்புக்கு வைக்கும் சின்ன மின் ஊதி போதும். குழாய்க்கு நடுவில் ஒரு வால்வு வைத்துக் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் வழி செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஊதியைக் குழாயிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் சூடு திரும்பி வந்து அதன் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

பட்டறைக்கல்

கொஞ்சம் அலைந்து திரிந்து தேட வேண்டியது இதைத்தான். இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிய பட்டறைக்கல் புதிதாக வாங்கினால் விலை அதிகம். மலிவாக வருகிற வார்ப்பிரும்புக் கல் அடித்தால் ஓரம் உடைந்து உதிரும். பழைய இரும்புக் கடையில் லாரி அச்சு, பெரிய இயந்திரத்தின் கட்டை என்று கனமான திட இரும்பு ஏதாவது கிடக்கும். ஒரு பேரிங் குண்டை எடுத்துப் போய் பத்து அங்குல உயரத்திலிருந்து அதன்மேல் விடுங்கள். பாதி உயரத்துக்கு மேல் துள்ளினால் எடுத்துக்கொள்ளலாம். பொத்தென்று அங்கேயே கிடந்தால் நீங்கள் அடிக்கும் அடியை அந்தக் கட்டை விழுங்கிவிடும்.

பலர் தண்டவாளத் துண்டைத் தேடுகிறார்கள். நல்ல எஃகுதான். ஆனால் கண்ட இடத்தில் வாங்கிவிடாதீர்கள். ரயில்வே சொத்தை எப்படி வந்தது என்று கணக்குக் காட்ட முடியாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் எடுத்த கழிவு இரும்பு என்று ரசீது கொடுக்கும் கடையில் மட்டும் வாங்கி, அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தண்டவாளத்தைப் படுக்கவைத்துப் பயன்படுத்துவதுதான் வழக்கம். நான் நிறுத்தி வைக்கவே சொல்வேன். படுத்த தண்டவாளத்தின் நடுத்தகடு மெல்லியது, அடிக்கு அடி அதிரும். மீட்டருக்கு 60 கிலோ கனமுள்ள தண்டவாளத்தில் அரை மீட்டர் வெட்டி நிறுத்தினால், அந்த 30 கிலோவும் சுத்தியலுக்கு நேர் கீழே வந்துவிடும். தலைப்பக்க முகம் 72 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். சுத்தியல் முகத்தைவிடப் பெரியதுதானே, அதற்கு மேல் எதற்கு? மேல் முனையை இரும்பு தேய்க்கும் கிரைண்டரால் சமமாக்கி, ஓரங்களை லேசாக மழுக்குங்கள். புளியமரக் கட்டையில் பள்ளம் வெட்டி இறுக்கமாக இறக்குங்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால் விரல் முட்டி எங்கே வருகிறதோ, அதுதான் மேல்முகத்தின் உயரம். இதைவிடத் தாழ்ந்தால் முதுகு வலிக்கும், உயர்ந்தால் தோள் போய்விடும். மணியோசைபோலக் கணீரென்று ஊரைக் கூட்டினால், கட்டையோடு சேர்த்து ஒரு சங்கிலியை இறுகச் சுற்றுங்கள், ஓசை அடங்கும். உலையிலிருந்து திரும்பி ஓர் எட்டு வைத்தால் கல் முன்னால் நிற்கிறபடி இடம் பாருங்கள். சூடு போகிற நேரம் அப்படிச் சின்னது.

சுத்தியலும் மற்றவையும்

ஒரு கிலோ எடை போதும். ஒரு முகம் தட்டையாக, மறுமுகம் பிடிக்குக் குறுக்காக ஆப்பு வடிவில் இருக்கட்டும். புதுச் சுத்தியலின் முக ஓரம் கூர்மையாக இருக்கும், அடிக்கும் இடமெல்லாம் பிறை வடிவத்தில் வெட்டு விழும். அரத்தால் ஓரங்களை உருட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் நான்கு அங்குல வைஸ் ஒன்று, கம்பிப் பிரஷ், ஒரு அரம், ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், இவையும் வேண்டும். கொறடு இப்போது வேண்டாம். இரண்டடி நீளக் கம்பியாக எடுத்தால் மறுமுனையைக் கையால் பிடித்தே வேலை செய்யலாம்.

உடையில் அலட்சியம் வேண்டாம். பருத்திச் சட்டை, பருத்திப் பேண்ட், தோல் செருப்பு அல்ல, தோல் ஷூ. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். லுங்கி நெருப்பருகில் ஆபத்து. பேண்டை ஷூவுக்குள் செருகாமல் வெளியே விடுங்கள், பொறி உள்ளே விழாது. பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்கட்டும். சுத்தியல் பிடிக்கும் கையில் உறை போட வேண்டாம், பிடி வழுக்கும். சுட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு எதையும் தடவாதீர்கள்.

முதல் நெருப்பு, முதல் கொக்கி

கிரில் பட்டறையில் 10 மில்லிமீட்டர் சதுரக் கம்பி கேளுங்கள். மீட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே வரும். கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி பழக ஏற்றதல்ல. வரிகள் மடிந்து உள்ளே சிக்கும்.

தேங்காய் நாரும் சிரட்டையும் வைத்து மூட்டி, கரியைக் குவித்து, மெதுவாகக் காற்று விடுங்கள். கம்பியைக் குழாய் வாய்க்கு நேராகத் திணிக்காமல் மூன்று நான்கு அங்குலம் மேலே, கரிக்குள் புதைத்துப் படுக்கையாக வையுங்கள். கீழே இருக்கும் கரி காற்றைத் தின்றுவிடும், மேலே சுத்தமான சூடு வரும். ஆரஞ்சிலிருந்து இளமஞ்சளுக்குப் போகும்போது எடுத்து அடியுங்கள். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்தித் திரும்ப வையுங்கள். ஆறிய இரும்பை அடித்தால் கைதான் வலிக்கும், கம்பியில் விரிசலும் விழலாம். கம்பி மத்தாப்புபோல வெள்ளைப் பொறி சிதறினால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம். அந்த நுனியை வெட்டி எறிந்துவிடுங்கள்.

முதலில் நுனியைக் கூராக்குங்கள். கல்லின் ஓரத்தில் நுனியை வைத்து, கம்பியின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, ஒரு அடி, கால் திருப்பு, ஒரு அடி என்று போங்கள். சதுரமாகவே கூராகட்டும். உருட்ட வேண்டுமானால் பிறகு மூலைகளைத் தட்டி எட்டுப் பட்டையாக்கி, அப்புறம் உருட்டுங்கள். ஆரம்பத்திலேயே உருட்டினால் நடுவில் பிளக்கும். கூர் நுனியைச் சின்னச் சுருளாக மடக்கி, கல்லின் ஓரத்தில் வைத்து வளைவைத் தட்டி எடுங்கள். வேண்டிய நீளத்தில் சூடாக்கி வெட்டி, அந்த முனையை எதிர்ப்பக்கம் வளைத்தால் எஸ் வடிவக் கொக்கி. சிவப்பு மறைந்து கருத்த பிறகும் கையால் தொட முடியாத சூடு இருக்கும். அப்போது பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேன்மெழுகு தடவுங்கள். கருப்பு நன்றாகப் பிடிக்கும், துருவும் சீக்கிரம் ஏறாது.

அடுத்து

பத்துக் கொக்கியாவது அடித்த பிறகு உலைக்கோல், அப்புறம் துளைப்பானும் வெட்டுளியும். இவற்றுக்கு வண்டிச் சுருள் ஸ்பிரிங் எஃகு வேண்டும். வடிவம் வந்ததும் வெட்டும் முனையைக் காந்தம் ஒட்டாத சூடு வரை காய்ச்சி, அதற்கு மேல் இன்னும் ஒரு நிறம் ஏறவிட்டு, இளஞ்சூடான கடலை எண்ணெயில் தோய்த்து ஆற்றுங்கள். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்கட்டும், மூடி பக்கத்திலேயே இருக்கட்டும். இப்போது அந்த முனை கண்ணாடிபோல உடையும். தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடேற்றினால் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக ஓடிவரும். பழுப்பும் ஊதாவும் முனையைத் தொட்டதும் தண்ணீரில் வையுங்கள்.

அரிவாள், கத்தி ஆசை எல்லோருக்கும் இருக்கும். சில மாதங்கள் பொறுங்கள். வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ அல்லாமல், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு கொறடு செய்துவிடுங்கள். இரண்டு பட்டைக் கம்பி, நடுவில் ஒரு ஆணி. ஒரே அளவில் இரண்டு வாயை அடித்து எடுப்பதற்குள் சுத்தியல் உங்கள் சொல் கேட்க ஆரம்பித்துவிடும்.