கார்பன் கிரெடிட் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்: வட்டவடை, காந்தலூர் விவசாயிகளுக்கு

மரம் நட்டால் வெளிநாட்டிலிருந்து பணம் வரும் என்று சொல்லிக்கொண்டு கேரளத்தின் இடுக்கி மலையிலுள்ள வட்டவடைக்கோ காந்தலூருக்கோ யாராவது வந்தால், எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டுகளுக்கு என் நிலத்தில் நான் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று கேளுங்கள். பூண்டு விளைந்த மண்ணில் கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரத்தை நட்டபோதும் பணப்பேச்சுதான் முந்திக்கொண்டது. ஊற்று வற்றியது பிறகுதான் தெரிந்தது.

ஒரு கிரெடிட் என்பது காற்றிலிருந்து இழுத்து வைத்த, அல்லது காற்றில் சேராமல் தடுத்த, ஒரு டன் கரியமில வாயு. இதன் கணக்கைத் திண்ணையில் உட்கார்ந்தே போடலாம். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப்பக்கம் நின்று, தரையிலிருந்து நெஞ்சுயரத்தில், அதாவது ஏறக்குறைய 1.37 மீட்டரில், டேப்பைச் சுற்றிச் சுற்றளவை எடுப்பார்கள். அதை வைத்து மரத்தின் உலர்ந்த எடையைக் கணிப்பார்கள். வேரையும் சேர்த்து 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 47 விழுக்காடு, அதாவது 235 கிலோ, கரி (கார்பன்). ஒரு கிலோ கரி 3.67 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பதால், இதை 3.67 ஆல் பெருக்கினால் 862 கிலோ கரியமில வாயு. பல ஆண்டுகள் வளர்ந்து பெருத்த அந்த மரம் முழுதாக ஒரு கிரெடிட்டைக்கூட எட்டவில்லை. காட்டுத்தீ, நோய் போன்றவற்றால் வரும் இழப்புக்கென்று ஒரு பங்கைப் பொதுவில் ஒதுக்கிவிட்டு, வெளியாள் ஒருவர் வந்து சரிபார்த்த பிறகே மீதி விற்பனைக்குப் போகும். அடுத்த வருடமே மரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, ஆவணங்கள். பட்டயம் (நில உரிமைப் பத்திரம்), தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீஸின் நிலக்கணக்கு எண்), கரம் என்னும் நிலவரி கட்டிய ரசீது மூன்றும் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்று வில்லேஜ் ஆபீஸில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டயம் உங்கள் பெயரில் இருப்பதாலேயே மரமும் உங்களுடையது ஆகிவிடாது: 1964-ஆம் ஆண்டு நிலப்பதிவு விதிகளின்படி கிடைத்த நிலத்தில் சந்தனம், தேக்கு, ஈட்டி, கருங்காலி ஆகியவை அரசுக்கு ஒதுக்கப்பட்டவை. 2006-இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயத்தின் எல்லையை ஒட்டிய கொட்டாக்கம்பூர் பக்கத்து நிலமென்றால், உரிமை தீர்வானதா என்பதை எழுத்தில் பெறாமல் எதிலும் இறங்க வேண்டாம். பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துப் பயிர் செய்பவரும் வீட்டுப் பெண்களும் பட்டயத்தில் இருப்பதில்லை. ஆனால் விறகுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் அலையப்போகிறவர்கள் அவர்கள்தான் என்பதால், அவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

முதுவான் பழங்குடியினர் வாழும் குடிகளின் (ஊர்களின்) நிலை வேறு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மரபாகக் காத்துவரும் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் குடிக்கே உரிமை தருகிறது. தேன் எடுப்பது, மாடு மேய்ப்பது போன்ற உரிமைகளைத் தொடும் திட்டமென்றால், ஊர்த் தலைவரான மூப்பர் ஒருவரின் கையெழுத்தை ஊரின் சம்மதமாகக் கொள்ளக்கூடாது. ஊருக்கூட்டம் கூட வேண்டும். அந்தச் சட்டத்தின் விதிகள் கிராம சபைக்குப் பாதிப்பேரின் வருகையையும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருப்பதையும் கேட்கின்றன. அந்த அளவையே இதற்கும் வைத்துக்கொள்வது நல்லது. மேய்ச்சலை ஒழுங்குபடுத்திக் கிரெடிட் விற்ற வட கென்யத் திட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு காப்பகம், மக்களை முறையாகக் கலந்துகொள்ளாமல் அமைக்கப்பட்டதால் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2025 ஜனவரியில் இசியோலோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் மலையாளத்தில் நடக்கும், கையெழுத்தோ தமிழில் விழும். தமிழ்ப் பிரதி கேளுங்கள். அரசு அலுவலகத்தில் ஏதாவது விசாரிப்பதானால் தமிழிலேயே மனு எழுதலாம். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் பதிலும் தமிழில் தர வேண்டும் என்பது கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் உள்ளது. ஒப்பந்தத்தில் ‘நிகர வருமானத்தில் பாதி’ என்று இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள், ஏனெனில் செலவுக் கணக்கு முழுவதும் அவர்கள் கையில் இருக்கும். விற்ற விலையில் எத்தனை விழுக்காடு என்றே எழுதச் சொல்லுங்கள். பட்டுப்போன மரத்துக்கு யார் மறுகன்று வைப்பது, நிலத்தை விற்றாலோ பிள்ளைகளுக்குப் பிரித்தாலோ என்ன ஆகும், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், கம்பெனி தன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிவிட்டால் பணத்தை யாரிடம் கேட்பது என்பவற்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும்.

திட்டம் எந்தப் பதிவகத்தில் (கிரெடிட்டுகளைப் பதிந்து வைக்கும் அமைப்பில்) சேர்கிறது, அங்கே அதன் எண் என்ன என்று கேட்டுவிட்டு, அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா சென்டரில் தேடச் சொல்லுங்கள். வெரா, கோல்டு ஸ்டாண்டர்டு ஆகிய இரு பதிவகங்களும் திட்ட ஆவணங்களைப் பொதுப் பார்வைக்கு வைக்கின்றன. உங்கள் ஊரில் கூட்டம் நடந்ததாக அதில் எழுதியிருக்கும் தேதியில் உண்மையில் கூட்டம் நடந்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தாலே போதும், பாதி விஷயம் விளங்கிவிடும்.

கையெழுத்திடும் நாளில், ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்புக் கையெழுத்தும் உள்ள பிரதி ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அனுப்புகிறோம் என்றால், நீங்களும் பிறகே கையெழுத்திடுங்கள்.