குறட்டைக்கு ஒரு ஃபைல், கொழுப்புக்கு ஒரு ஃபைல்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் சமையலறை மேசைமேல் அதை விரித்து வைத்துக்கொண்டு மதுரை அத்தானிடம் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தேன்.

"மொத்தக் கொலஸ்ட்ரால் எவ்வளவு மாப்ளே?"

"5.9 அத்தான்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "எனக்கு 210-ன்னு டாக்டர் திட்டுறார். உனக்கு வெறும் ஆறா? தீபாவளி பிரியாணியை வெளுத்துக்கட்டு!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்நாட்டு ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதும். சிங்கப்பூரில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். நம் எண்ணை அவர்கள் கணக்குக்குக் கொண்டுபோக 38.7-ஆல் பெருக்க வேண்டும். என் 5.9 அங்கே 228, அதாவது அத்தானைவிட எனக்குத்தான் அதிகம். ஆனால் ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடுக்கு அதே எண்ணைப் போட்டால் கணக்கு உதைக்கும், அதற்கு 88.6. என்னுடைய 3.1, 275 ஆகிவிடுகிறது. இருக்க வேண்டியது 150-க்குள், நம் கணக்கில் 1.7-க்குள். பிரியாணிப் பேச்சு அதோடு நின்றது.

எனக்கு ஸ்லீப் அப்னியா இருப்பது இரண்டு வருடத்துக்கு முன் தெரியவந்தது. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபட்டு, 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகும் கோளாறு. மணிக்கு 5 முதல் 15 முறை வரை மூச்சு தடைப்பட்டால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. எனக்கு 34. மூச்சுக்கு ஒரு மருத்துவர், ரத்தத்துக்கு ஒரு மருத்துவர், இரண்டு ஃபைல். மூச்சு மருத்துவரிடம் கொழுப்பைப் பற்றியும், கொழுப்பைப் பார்ப்பவரிடம் குறட்டையைப் பற்றியும் இரண்டு வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை. முதல் தவறு என்னுடையதுதான்.

ஏன் சொல்ல வேண்டும்? மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் சரிகிறது. மூச்சு திரும்பியதும் ஏறுகிறது. ராத்திரி முழுக்க இந்த ஏற்ற இறக்கம்தான். ஆபத்து வந்துவிட்டது என்று நினைத்து உடம்பு அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்டுகிறது. அவை சேமிப்பில் இருக்கும் கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடுகின்றன. அது கல்லீரலுக்குப் போய் டிரைகிளிசரைடாக மூட்டைகட்டப்பட்டுத் திரும்பி வருகிறது. இன்னொரு பக்கம், ரத்தத்திலிருந்து டிரைகிளிசரைடை இறக்கி வைக்கும் நொதி மந்தமாகிறது. லாரி வந்துகொண்டே இருக்கிறது, சரக்கு இறக்க ஆள் இல்லை என்ற நிலை. எலிகளில் இந்த வழி தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மனிதர்களில் உடல் எடை, தொப்பை, சர்க்கரை எல்லாம் கூடவே இருப்பதால் எது எதைச் செய்கிறது என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் அப்னியா உள்ளவர்களின் ரத்தத்தைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், டிரைகிளிசரைடு கூடியும் நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைந்தும் இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது.

அதனால் மொத்தக் கொலஸ்ட்ரால், கெட்ட கொழுப்பான எல்டிஎல் என்ற இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைப்பது பெரிய தவறு. நம் கதை பெரும்பாலும் மற்ற இரண்டு வரியில்தான் இருக்கிறது. போதாததற்கு, பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை; மற்ற எண்களிலிருந்து கணக்குப் போட்டு எழுதுகின்றன. டிரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டினால் வழக்கமான அந்தக் கணக்கே செல்லாது. அப்படிப்பட்டவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்துவிட்டால் மிஞ்சுவதெல்லாம் கெட்ட சரக்கு. பட்டினி இல்லாமல் ரத்தம் கொடுத்தாலும் இந்த எண் அவ்வளவாக மாறாது. டிரைகிளிசரைடு அப்படியல்ல, முந்தின நாள் விருந்தையும் மதுவையும் காட்டிக்கொடுத்துவிடும். தீபாவளிக்கு மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டுப் பயந்து சாகாதீர்கள்.

முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷினிடம் நான் வைத்த எதிர்பார்ப்பு அடுத்த தவறு. ராத்திரி முகமூடி போட்டுக்கொண்டால் மூச்சு சீராகும், அதனால் கொழுப்பும் தானாக இறங்கும் என்று நினைத்தேன். எத்தனையோ சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் மெஷினால் மொத்தக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்குகிறது, அவ்வளவுதான். டிரைகிளிசரைடில் பலன் ஒரு ஆய்வில் தெரிகிறது, இன்னொன்றில் தெரிவதில்லை. மெஷின் போட ஆரம்பித்தபின் எடை சற்றுக் கூடுபவர்களும் உண்டு. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700 பேரை வைத்துச் செய்து 2016-ல் வெளியிட்ட 'சேவ்' என்ற பெரிய ஆய்வில், மெஷின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக ஒரு ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் அதைப் போட்டிருந்தார்கள்! தூக்கத்தில் பாதியில் கழற்றி எறிவது எனக்கும் பழக்கம் என்பதால் அந்த எண் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. மெஷின் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பகல் தூக்கமும் ரத்த அழுத்தமும் குறைய அது உதவும். டாக்சி ஓட்டுபவருக்கு உயிர்காப்பு. கொழுப்பைக் குறைக்கும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்ட வேண்டாம். மெஷின் வந்துவிட்டதே என்று, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அந்த வம்பே வேண்டாம்.

இதன் மறுபக்கமும் தவறுதான். மாத்திரையால் எல்டிஎல் இறங்கிவிட்டது, குறட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது. ஸ்டேட்டின் தொண்டையைத் திறந்து வைக்காது.

சாப்பாட்டுக்கு வருவோம். கொழுப்பு என்றதும் நம் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது முட்டை. அப்புறம் தேங்காய், நெய். தேங்காய்ப்பாலையும் நெய்யையும் குறைப்பது எல்டிஎல்லுக்கு நல்லதுதான். ஆனால் டிரைகிளிசரைடு சர்க்கரையிலும் மாவிலும் மதுவிலும் வளர்வது. நான் முட்டையை விட்டுவிட்டுத் தேக்கா உணவங்காடியில் காலையில் இரண்டு பரோட்டா, கூடவே 'தே ஓ' என்று ஆறு மாதம் ஓட்டினேன். பால் இல்லாததால் 'தே ஓ' பத்தியம் என்று ஒரு நினைப்பு. உண்மையில் கடைக்காரர் அடியில் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டுத்தான் தேநீரை ஊற்றுவார். நின்று கவனித்தபோதுதான் தெரிந்தது. 'கோசோங்' என்று சேர்த்துச் சொன்னால்தான் சர்க்கரை வராது. 'சியூ தாய்' என்றால் குறையும், போகாது.

மது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. படுக்கைக்குப் போகுமுன் ஒரு பெக் போட்டால் தூக்கம் வரும் என்பார்கள். வரும். ஆனால் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சு நிற்கும் நேரத்தை நீட்டும். கல்லீரலில் டிரைகிளிசரைடைக் கூட்டும். தூக்கம் வரவில்லையே என்று அடுத்தவர் கொடுத்த தூக்க மாத்திரையைப் போடுவதும் மூச்சுக்கு நல்லதல்ல.

ஒல்லியாக இருப்பவர்கள் "எனக்கெல்லாம் வராது" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சிங்கப்பூரில் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எடைக்குறியீடு (பிஎம்ஐ) 23-ஐத் தொட்டாலே எச்சரிக்கை, 27.5-க்கு மேல் அதிக ஆபத்து. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது ஆசியர்களுக்கான எல்லை. தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருந்தால் எடை இல்லாமலே அப்னியா வரும். இந்திய வம்சாவளியினருக்கு எச்டிஎல் குறைவும் டிரைகிளிசரைடு அதிகமும் சகஜம். சிங்கப்பூரர்களிடம் செய்து 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய 10-ல் 3 பேருக்கு நடுத்தர அல்லது கடுமையான அளவில் தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தது. அவர்களில் 10-ல் 9 பேருக்கு அது தெரியவே தெரியாது. மாரடைப்பு ஆபத்தைக் கணிக்க மருத்துவர்கள் இங்கே பயன்படுத்தும் அட்டவணையில் வயது, இனம், புகை, ரத்த அழுத்தம் எல்லாம் உண்டு, குறட்டைக்குக் கட்டம் இல்லை. நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் குடும்ப மருத்துவரிடம் பதிந்தவர்கள் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடலாம். பக்கத்தில் படுப்பவர் என்ன கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எடையைக் குறைத்தால் இரண்டு ஃபைலும் மெலியும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்து 2000-ல் வெளியிட்ட கணக்கு இது: எடை 10 விழுக்காடு குறைந்தால் மூச்சுத் தடை சுமார் 26 விழுக்காடு குறைகிறது, அதே அளவு கூடினால் 32 விழுக்காடு கூடுகிறது. 80 கிலோ ஆளுக்கு 8 கிலோ. டிரைகிளிசரைடும் கூடவே இறங்கும்.

சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியை, இயற்கையானது என்று ஸ்டேட்டினோடு சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. அதில் இருக்கும் மொனகோலின் கே, லோவஸ்டேட்டின் என்ற மாத்திரையில் உள்ள அதே பொருள். ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுவது போல. தசை வலி வந்தால் யாரைக் குறை சொல்வது?

கடைசியாக, நான் இரண்டு வருடம் தள்ளிப்போட்ட ஒரு சோதனை: தைராய்டு. அது மந்தமானால் எல்டிஎல் ஏறும், எடை கூடும், நாக்கு தடித்து மூச்சுப் பாதை குறுகும். சோர்வும் பகல் தூக்கமும் அப்படியே அப்னியா மாதிரியே இருக்கும். ஒரு குழாய் ரத்தத்தில் தெரிந்துவிடும். எனக்கு அது சரியாக இருந்தது. ஸ்டேட்டின் தொடங்கி எட்டாவது வாரம் மறுபடி ரத்தம் கொடுத்தேன், இந்த முறை பன்னிரண்டு மணி நேரப் பட்டினியோடு, மெஷினின் ஒரு மாதப் பதிவையும் அச்செடுத்துக்கொண்டு. மருத்துவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நாலு மணி நேரம்தான் போடுறீங்களா?" என்றார்.